மிளகாய் பொய் சொல்லவில்லை

மலிவான கார் வைத்திருப்பவர்களுக்குப் பொறுமை அதிகம் என்பது என் கருத்து. விலையுயர்ந்த வண்டிக்காரர் சின்னதாக ஒரு சத்தம் கேட்டாலே நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சண்டை போடுவார். நாங்கள் அந்தச் சத்தத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு அதனுடன் குடும்பம் நடத்தப் பழகிக்கொள்வோம்.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். வாழ்நாள் முழுவதும் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். கையொப்பமிடுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்க விடுவீர்கள் என்று நம்புகிறேன். கருத்தில் கை வைக்க மாட்டேன். விட்டுப்போன ஒற்றுகளை மட்டும் போட்டுத் தருவேன்.

எங்கள் வண்டியைப் பற்றி வெளியே என்ன பேசுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 'சோப்பு டப்பா' என்பார்கள். கதவைச் சாத்தினால் ரேடியோ பாடும், ரேடியோவை நிறுத்தினால் கதவு திறந்துகொள்ளும் என்பார்கள். மேட்டில் ஏறும்போது பக்கத்தில் வந்த சைக்கிள்காரர், "ஒரு கை தள்ளட்டுமா?" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அதை எங்களில் ஒவ்வொருவரும் தமக்கே நடந்ததாகச் சொல்வோம். ஆனால் வெளியாள் ஒருவர் அதே கதையைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். தன் பிள்ளையைத் தான் மட்டுமே திட்டலாம் என்று நினைக்கும் பெற்றோரைப் போன்றவர்கள் நாங்கள்.

என் மனைவி எங்கள் மகன் வீட்டோடு போய் இருந்துகொண்ட ஆண்டில் நான் அந்த வண்டியை வாங்கினேன். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றாள். அது சரியான வாக்கியம், நான் திருத்தவில்லை. அதன்பின் என் வீட்டு அழைப்பு மணி பழுதாகிவிட்டது. மின்கணக்கு எடுக்க வந்தவர் கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்து, "பெல்லு செத்துப்போய் ரொம்ப நாளாச்சு போலிருக்கே சார்" என்று சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. எப்போது பழுதாகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். யாராவது வந்து அழுத்தியிருந்தால்தானே தெரியும்.

வண்டி வாங்கிய வாரத்தில், எதிரே அதே வண்டியில் வந்த ஒருவர் ஒலிப்பானை ஒருமுறை மெல்லத் தட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் ஓரமாக நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டப்பாக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டால் அப்படிச் செய்வது வழக்கம் என்பதைப் பிறகு அறிந்தேன். கை உயர்த்தியவர் தபால்காரர். மூடிக் கிடந்த ஒரு திரையரங்கின் வாகன நிறுத்துமிடத்தில் ஞாயிறுதோறும் நாங்கள் கூடுவோம் என்று சொல்லி அவர்தான் என்னை அழைத்துச் சென்றார்.

அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது. எஞ்சின் தெரிய முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்போம். ஒருவர் வண்டியின் கண்ணாடித் துடைப்பானை இன்னொருவர் மாற்றித் தருவார். கைப்பேசியில் எங்களுக்கென்று ஒரு குழு இருந்தது. அதில் வரும் பிழைகளை நான் பொறுக்காமல் திருத்தி அனுப்பியதால் எனக்கு 'ஒற்று' என்று பெயர் வைத்தார்கள். விரைவில் குழுவின் பொறுப்பையே என்னிடம் கொடுத்துவிட்டார்கள். "ஒற்று சார் வந்தாச்சு, எல்லாரும் வாயை மூடிக்கிட்டுப் பேசுங்க" என்று தபால்காரர் ஒவ்வொரு வாரமும் சொல்வார். ஒவ்வொரு வாரமும் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இப்போது மிளகாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் குறைந்தால் எங்கள் வண்டியின் முன்பலகையில் நீளவாக்கில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதற்கு நாங்கள் வைத்த பெயர்தான் மிளகாய். ஈரக்காற்றடித்தால் போதும், ஆயில் நிறைந்திருக்கும்போதே அது எரியும். அந்த ஆயில் புட்டியின் மின்இணைப்பில் நீர் கோத்துக்கொள்வதுதான் காரணம். விரல்முட்டியால் முன்பலகையை இரண்டு தட்டுத் தட்டினால் அணைந்துவிடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் கற்பிக்கும் பாடம் அது. மிளகாய் எரிவதைக் கண்டு பயப்படுபவர் இன்னும் டப்பாக்காரர் ஆகவில்லை என்று பொருள். வேறு எந்த வண்டிக்காரரும் சிவப்பு விளக்கைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். நாங்கள் சிரித்தோம்.

செவிலியர் எங்களோடு சேர்ந்தது அதற்குப் பிறகு. மலைச்சாலையின் உச்சியில் இருக்கும் மருத்துவமனையில் வேலை. கணவர் கப்பலில், ஆண்டின் பெரும்பகுதி கடலில் இருப்பவர். பள்ளிக்குப் போகும் ஒரு மகள். முதல் நாளே என்னை 'அண்ணா' என்று அழைத்தார். ஒரு குடுவையில் தேநீர் கொண்டுவருவார். இரண்டு குவளை கொண்டுவருவார். இரண்டாவது குவளை எனக்கு. அதைக் கையில் கொடுக்கும்போது, "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்பார். பெரும்பாலான ஞாயிறுகளில் நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். சாப்பிட்டுவிட்டேன் என்றே சொல்வேன். பதில் எனக்கு முக்கியமாக இருந்ததில்லை.

அவர் வண்டியை விற்கப்போவதாகச் சொன்னதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

"மிளகாய் அணைய மாட்டேங்குதுண்ணா. தட்டித் தட்டி என் கைதான் வீங்குது. ஆஸ்பத்திரியில ஒரே கேலி. அக்கா வீட்டுல அவங்க பழைய வண்டியை எடுத்துக்கச் சொல்றாங்க. எதுக்கு இந்தத் தகரத்தைக் கட்டிக்கிட்டு மாரடிக்கணும்?"

"வித்துட்டாலும் ஞாயித்துக்கிழமை வாம்மா" என்றேன்.

"வராம எங்க போகப்போறேன்?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வண்டியை விற்றவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்களோடு ஒரு கணக்கர் இருந்தார். பெரிய வண்டி வாங்கிய மறுவாரம் வந்தார். சற்றுத் தள்ளி நிறுத்தினார். எங்கள் முன்மூடிகளை எட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் தாமதமாக வந்தார். அதற்கடுத்த வாரம் வரவில்லை. யாரும் அவரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருடைய ஒலிப்பானுக்குப் பதில் சொல்ல எதிரே ஆளில்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

"நான் பாக்குறேன், நீ டீயை ஊத்து" என்றேன். அவர் குடுவையைத் திறந்துகொண்டிருந்தபோது முன்பலகைக்குப் பின்னால் கையை விட்டு, மிளகாயின் பல்பைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இதோ, உங்கள் மேசையில் வைக்கிறேன். கடலைப்பருப்பைவிடச் சிறியது. உருண்டுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் சாவியைத் திருகிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. "எப்படிண்ணா! மந்திரம் போட்டீங்களா?" என்றார். அக்கா வீட்டு வண்டி வேண்டாம் என்று அப்போதே கைப்பேசியில் சொல்லிவிட்டார். அன்றைய தேநீர் எப்போதையும்விட நன்றாக இருந்ததாக ஞாபகம்.

அந்த வாரமே, மகளை அழைத்துவர மருத்துவமனையிலிருந்து பள்ளிக்குக் கிளம்பியவர், இறக்கத்தில் வண்டியை நிறுத்த முடியாமல், கீழே நின்றிருந்த மணல் லாரியின் பின்புறத்தில் போய் மோதினார். எனக்குச் செய்தி சொன்னவர் தபால்காரர். பிள்ளை பள்ளி வாசலில் காத்துக்கொண்டிருக்குமே என்று அவர் தவித்தார். நான் போனேன். என் வண்டியில் பிரேக் நன்றாக இருந்தது.

பிள்ளை முன்னிருக்கையில் ஏறிக்கொண்டது. "அம்மா ஏன் மாமா வரலை? வண்டி மறுபடியும் மக்கர் பண்ணிடுச்சா?" என்று கேட்டது.

"ஆமா" என்றேன்.

"மிளகாய் எரிஞ்சுதா?"

"இல்லம்மா."

"அதான் நீங்க சரி பண்ணிட்டீங்கள்ல" என்று சொல்லிவிட்டு, வழி முழுவதும் எதிரே வந்த டப்பாக்களுக்குக் கையை ஆட்டிக்கொண்டே வந்தது. இரண்டு பேர் பதிலுக்கு ஒலிப்பானைத் தட்டினார்கள். அவர்களுக்கு இன்னும் செய்தி தெரியாது.

இறுதி ஊர்வலத்தில் எங்கள் வண்டிகள் அனைத்தும் வரிசையாகச் சென்றன. கணக்கர்கூட வந்திருந்தார். இத்தனை பேர் ஒன்றாகக் கூடி நான் பார்த்ததில்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த வரிசையின் நடுவில் நான் அழுதேன். ஆனால் தனியாக அழவில்லை.

அதன்பின்தான் செய்தித்தாள்கள் தொடங்கின. வண்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள் மிளகாய்க்குள் பல்பு இல்லை என்று கண்டார்கள். 'எச்சரிக்கை விளக்குக்குப் பல்புகூடப் போடாமல் விற்ற நிறுவனம்' என்று தலைப்புப் போட்டார்கள். கேலி செய்தவர்கள் எல்லோரும், அப்போதே சொன்னோமே என்றார்கள். எங்கள் ஆட்கள் வந்த விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். போன ஞாயிறு திரையரங்கில் நானும் தபால்காரரும் மட்டும் நின்றோம். "ஊர் சொன்னது சரிதான் போலிருக்கு ஒற்று சார். நானும் வித்துடலாம்னு பாக்குறேன்" என்றார் அவர். அன்று அவர் வழக்கமான நகைச்சுவையைச் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன்.

அதனால்தான் காவல் நிலையத்துக்கு வந்தேன். நிறுவனம் பல்பைப் போட்டுத்தான் விற்றது. எடுத்தவன் நான். இதை நீங்கள் தெளிவாக எழுத வேண்டும்.

"வழக்கம்போல பொய்யா எரியுதுன்னு நினைச்சுத்தானே எடுத்தீங்க?" என்று கேட்கிறீர்கள். நல்ல மனிதர் நீங்கள். ஆம் என்று சொன்னால் இது கவனக்குறைவாகிவிடும். நான் கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ஆம் என்றால் பழி மறுபடியும் மிளகாயின் மேல்தான் விழும். சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லாத விளக்கு என்று ஆகிவிடும். ஆகவே உள்ளதைச் சொல்கிறேன்.

பல்பை எடுத்ததற்கு முந்தைய மாதம் என் வண்டியிலும் மிளகாய் தட்டியும் அணையவில்லை. மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, "சார், இப்படிக் குனிஞ்சு பாருங்க" என்றார். பெட்ரோல் தொட்டியைத் தாங்கும் இரும்புப் பட்டையில் பின்சக்கர பிரேக் பைப் உரசி உரசி, காகிதம்போல் மெலிந்து கசிந்துகொண்டிருந்தது.

"உங்க வண்டி மட்டும் இல்ல. போன வாரம் வந்ததுலயும் இதே இடந்தான். பொறந்ததுல இருந்தே இருக்குற கோளாறு. உங்க ஆளுங்க எல்லாரையும் ஒரு தடவை பாத்துக்கச் சொல்லிடுங்க சார். பைப்பை அரை விரல் நகர்த்திக் கட்டினாப் போதும்."

"சொல்லிடறேன்" என்றேன். என் பைப்பை நகர்த்திக் கட்டிக் கொடுத்தார்.

குழுவில் எழுத உட்கார்ந்தேன். சுருக்கமாக, பிழையில்லாமல் எழுதியும்விட்டேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்ப்பது என் தொழில்வழக்கம். படித்துப் பார்த்தபோது, இதைப் பார்க்கும் ஒவ்வொருவரும் வண்டியை விற்றுவிடுவார்கள் என்று தோன்றியது. வண்டி போனால் ஞாயிறு போகும். ஓர் இரும்புப் பட்டைக்காக ஒரு குடும்பத்தைக் கலைப்பதா? அழித்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் நேரில், பக்குவமாக, சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். சமயம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்பை எடுப்பதற்கு முன்னால் நான் செவிலியரின் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன், பிரேக் ஆயில்தான். தரையிலும் சொட்டியிருந்தது. அவர் கண்ணில் பட்டால் பயந்துவிடுவார் என்று கைக்குட்டையால் சக்கரத்தைத் துடைத்தேன். தரையையும் துடைத்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தேநீரை வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமைக்குள் ஏதாவது காரணம் சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டு போய், மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்துவிடுவதாக இருந்தேன். மெக்கானிக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாரே என்ற யோசனையில் புதன்கிழமை கழிந்தது. செவிலியர் இறந்தது வியாழக்கிழமை.

எனவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: ஆயில் குறைந்தது; மிளகாய் எரிந்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதை நிறுத்தியவன் நான், தெரிந்தே நிறுத்தினேன். வண்டியைப் பற்றிச் சொல்லப்பட்டவை அவதூறு. இது நாளைய செய்தித்தாளில் வந்துவிட்டால், விற்றவர்கள்கூட யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பட்டையைப் பற்றியும் செய்தி கொடுக்க வேண்டும், மற்ற வண்டிகளை உடனே நிறுத்த வேண்டும் என்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். இந்த வாக்குமூலத்துக்கு அது தேவையில்லை, ஓட்டம் கெடுகிறது. எழுத்தில் வந்தால் மனிதர்கள் வீணாகப் பதறுவார்கள். அதெல்லாம் ஆளறிந்து, நேரில் சொல்ல வேண்டிய விஷயம்.

சற்றுமுன், "என் மச்சானும் இந்த டப்பாவைத்தான் வெச்சுக்கிட்டுச் சுத்துறான்" என்று அந்தக் காவலரிடம் சொன்னீர்களே, காதில் விழுந்தது. அவரை ஞாயிற்றுக்கிழமை திரையரங்குக்கு அனுப்பிவையுங்கள். தபால்காரர் தனியாக நிற்பார். பைப்பைப் பற்றி இப்போதே எதுவும் சொல்லிவிடாதீர்கள். முதலில் வந்து பழகட்டும்.