எட்டாத காது

பள்ளிக்கூடம் திறந்த வாரம். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியின் மடியில் அவள் மகள்.

“பெரியவளை விட்டுட்டு சின்னவனைச் சேத்துக்கினாங்கக்கா!” என்றாள் மகளை வைத்திருந்தவள்.

“அதெப்படிடி?”

“தலைக்கு மேல கையைப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடுன்னாரு ஹெட்மாஸ்டர். தொட்டாதான் அஞ்சு வயசாம். இவளுக்கு எட்டல. கூட வந்து வேடிக்கை பாத்துக்கினு நின்ன தம்பிக்காரன் டக்குனு தொட்டுட்டான். அவனுக்கு அவங்கப்பா மாதிரி நீளக் கை. உடனே அவன் பேரை எழுதிக்கினாரு.”

“அவனுக்கு நாலுகூட முடியலியே! நீ சொல்றதுதானே?”

“சொன்னேனே! பெத்தவ சொன்னா நம்ப மாட்டாராம், கை சொன்னாதான் நம்புவாராம். கை குட்டையா இருந்தா வயசும் கம்மியாயிடுமா?”

மடியிலிருந்த சிறுமி இன்னமும் தலைமேல் கையைப் போட்டு எக்கிக்கொண்டிருந்தாள்.

“இவளை எப்ப சேத்துப்பாராம்?”

“அடுத்த வருஷம்தானாம். கிளம்பும்போது இவளைக் கூப்பிட்டு, ‘நீதான் பெரியவ, தம்பியைத் தினமும் பத்திரமா ஸ்கூலுக்குக் கூட்டிக்கினு வரணும்’னு சொல்றாருக்கா!”