மலைக்கு வந்த ஹெலிகொப்டர்

கொழும்பில் வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா திடீரென்று சொன்னார்: "அந்த மலை உச்சியிலை ஒரு கோயில் கூட இல்லையாம்!"

பக்கத்தில் இருந்த பெண் திரும்பினாள். "எந்த மலை, அக்கா?"

"நேபாளத்திலை. என்ரை மகன் லண்டனிலை இருந்து லீவெடுத்துக்கொண்டு போய் ஏறியிருக்கிறான். நேர்த்திக்கடனுமில்லை, ஒண்டுமில்லை, சும்மா ஏறினவனாம். உயிரோடை இருக்கட்டுமெண்டுதானே அவனை வெளியிலை அனுப்பினனாங்கள்!"

"பிறகு?"

"பாதி வழியிலை மூச்செடுக்க ஏலாமல், சாப்பிட்டதெல்லாம் சத்தியெடுத்து விழுந்திட்டான். நேற்று போன் எடுத்து, ஹெலி வந்ததெண்டு சொன்னான்."

"ஐயோ கடவுளே!"

"நானும் அப்பிடித்தான் கத்தினனான். 'பங்கருக்குள்ளை ஓடினியோ?' எண்டு கேட்டன். அந்த ஹெலி அவனை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போக வந்ததாம். எனக்கு எப்பிடித் தெரியும்? சண்டைக் காலத்திலை யாழ்ப்பாணத்திலை எங்கடை வீட்டுக்கு மேலை வந்த ஹெலி ஒண்டாவது ஆளை ஏத்த வந்ததே? சுடத்தானே வந்தது!"

"மெல்லக் கதையுங்கோ அக்கா, முன்னுக்கு ஆமிக்காரன் இருக்கிறான்."

அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"மலை ஏறினதைக் கூடப் பொறுப்பன். நான் பங்கரைப் பற்றிக் கேட்டதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சான். பக்கத்திலை நிண்ட சிநேகிதப் பெடியங்களுக்கும் இங்கிலிசிலை சொல்லிச் சிரிச்சான். சின்னனிலை ஹெலிச் சத்தம் கேட்டு என்ரை சீலைக்குள்ளை ஒளிச்சிருந்து, அந்தச் சீலையிலையே மூத்திரம் பெய்தவன். அவன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான்!"