முள் காட்டிய அழுத்தம்

அழுத்தம் காட்டும் கேஜைப் படிக்கும்போது கண்ணை முள்ளுக்கு நேராக வைத்துக்கொள்ள வேண்டும், சார். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒன்றிரண்டு கூடவோ குறையவோ தெரியும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் எப்போதும் நேராக நின்றுதான் பார்த்தேன்.

அண்ணன் மெக்கானிக். வீட்டின் முன்பக்கமே பட்டறை. அந்தப் பிக்கப் வண்டியை அவனே மாற்றிக் கட்டினான். இன்ஜினுக்கு இழுவை கூட்டப் பெரிய டர்போ போட்டான். டேங்கிலிருந்து டீசலைத் தள்ளத் தனியாக ஒரு மின்சாரப் பம்ப் வைத்தான். தூரத்தில் ஒரு கல்குவாரியில் வேலை பேசியிருந்தான். வண்டி தயாரானதும் அண்ணியோடு போய்விடுவதாக ஏற்பாடு. "நீ வீட்டப் பாத்துக்க, பாப்பா" என்றான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. நான் வாய் திறந்து பேசுகிற ஆள் அவன் ஒருவன்தான். கடைக்குப் போனால்கூட வேண்டியதைக் காகிதத்தில் எழுதி நீட்டிவிட்டு நிற்பேன்.

மேட்டில் வண்டி திணறியது. டீசல் அழுத்தம் போதவில்லை என்று அண்ணனுக்குத் தோன்றியது. இன்ஜினுக்குப் போகும் குழாயில் ஒரு சின்ன கேஜை மாட்டினான். பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது. அது உண்மையான ஆறு.

அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பொடி எண்கள் கலங்கித் தெரியும். கண்ணாடி போட்டால் அண்ணி "வாங்க தாத்தா" என்பாள், உடனே கழற்றிவிடுவான். அதனால் அவன் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பான், நான் எண்ணைச் சொல்வேன்.

முதலில் ஃபில்டரை மாற்றினான். பழையது கரி அப்பியதுபோல் இருந்தது. "இப்ப எவ்ளோ?" என்றான். முள் பதினைந்தில் நின்றது. பதினைந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏழு என்று வந்தது.

வந்ததை எப்படித் திரும்ப விழுங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

டேங்குக்குள் இருக்கும் சல்லடையைக் கழுவினான். குழாய்களில் எங்காவது காற்று புகுகிறதா என்று மூட்டு மூட்டாகத் தேடினான். பம்புக்கு வரும் வயரைப் புதிதாக இழுத்தான். ஒவ்வொரு தடவையும் ஏழு என்றேன். ஒரே எண்ணைச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும் என்பதால் சில நாள் எட்டு. பதினைந்து வராமல் வண்டியை வெளியே எடுக்க மாட்டேன் என்றான். மூன்று வாரம் இப்படிப் போனது. சாப்பிட மறந்தான். "என் கைக்கு அகப்படாத கோளாறுன்னு ஒண்ணு இருந்ததே இல்லயே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. தேநீர் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவனுக்கு அப்போது என்னைவிட்டால் துணை கிடையாது. அண்ணிக்கு எல்லாம் வேடிக்கைதான். "கட்டுன பொண்டாட்டிகூட உங்கள இப்படி ஆட்டி வெச்சதில்ல" என்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

பம்பின் பக்கத்தில் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. வேறு வழி தெரியாமல் அதை முடுக்கத் தொடங்கினான். அரைச் சுற்றுக்கு ஒரு தடவை கேட்டான். முள் இருபதில் இருந்தபோது எட்டு என்றேன். இருபத்தெட்டில் பத்து. முப்பத்தைந்தில் பன்னிரண்டு. ரப்பர் குழாய் இருபதுக்கு மேல் தாங்காது என்று அவனே முன்பு சொல்லியிருக்கிறான். தொட்டுப் பார்த்தேன். விறைத்திருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே டர்போ. ஓடும்போது அது எவ்வளவு சுடும் என்று பட்டம் வாங்கியவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முள் நாற்பதைத் தொட்டது. அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான். முகமெல்லாம் கறுப்பு, கண் சிவந்திருந்தது. அந்த முகத்தை அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பதினைந்து என்றேன். குழந்தைபோலச் சிரித்தான். கேஜைக் கழற்றி டப்பாவில் வைத்தான்.

மறுநாள் காலை, வண்டி பாரம் இழுக்கிறதா என்று பார்க்கக் கல் ஏற்றிக்கொண்டு மலைச்சாலைக்குப் புறப்பட்டான். அண்ணியும் ஏறிக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாசல்வரை போனேன். கையை மட்டும் ஆட்டினேன்.

பாதி ஏற்றத்தில் குழாய் பிடுங்கிக்கொண்டது. டீசல் டர்போமேல் பீய்ச்சியது. அண்ணி பக்கத்துக் கதவு திறக்கவில்லை. தீக்குள் கைவிட்டு அதை இழுத்துக்கொண்டே இருந்தானாம்.

திருகை அளவுக்கு மீறி முடுக்கியது அண்ணன் தவறு என்று விபத்து அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள், சார். அதை மாற்றி எழுதுங்கள். முடுக்கியது அவன் கை. முடுக்க வைத்தது நான். குழாய் பிடுங்கும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறான். இரண்டு கையிலும் கட்டு. நான்தான் ஊட்டுகிறேன். "நானே அவளக் கொன்னுட்டேனே" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நேற்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "உன்மேல தப்பில்லண்ணா. முள்ளு நாப்பதுல நின்னுச்சு. நான்தான் பதினஞ்சுன்னேன்."

கட்டுப் போட்ட கையை மெதுவாக என் தலைமேல் வைத்தான். "எனக்காகப் பழிய நீ இழுத்துப் போட்டுக்காத, பாப்பா" என்றான்.

நான் சொன்ன எண்களில் அவன் நம்ப மறுத்தது அந்த நாற்பதை மட்டும்தான்.