அந்த அத்தியாயத்தை எடுக்க மறுத்தவர்

இந்த இரங்கல் கூட்டத்தின் மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வாசக நண்பர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் எல்லாரும் "பழகுவதற்கு இனிமையானவர்" என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள்? நம் எழுத்தாளர் கேள்விக்கார அக்காவையா? அவருடைய பதிப்பாளராக இத்தனை ஆண்டுகள் அல்லாடியவன் நான். அந்த இனிமையை ஒரு நாளாவது என் கண்ணில் காட்டியிருக்கக் கூடாதா!

திரைமறைவில் நடப்பதை எழுதுகிறவர்கள் நாலு பேரிடம் விசாரித்து எழுதுவார்கள். அக்கா அங்கே வேலைக்கே போய்விடுவார். விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார். பெரிய ஓட்டலில் பாத்திரம் கழுவினார். அந்த ஓட்டல் புத்தகம்தான் என் உயிரை வாங்கியது.

அங்கே பாத்திரம் கழுவும் பழுதான இயந்திரத்தின் நீராவி பட்டு, உடன் வேலை பார்த்த பெண்ணின் கை வெந்துபோனது. வெளியே விருந்து ஒரு நிமிடமும் நிற்கவில்லை. மறுநாளே அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இதை அக்கா ஓர் அத்தியாயமாக எழுதினார். அச்சுக்குப் போகும் நேரத்தில் ஓட்டல்காரர்களின் மிரட்டல் வந்தது. நான் கெஞ்சினேன்.

"அக்கா, அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்துடலாமே?"

"எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? சமையல் குறிப்பா?"

அதோடு விட்டாரா? அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அத்தியாயம் முழுவதையும் வாசித்துக் காட்டினார். "என்னை அழ மட்டும் வச்சிருக்கீங்களே. மேனேஜரை நல்லா நாலு வார்த்தை கேட்டேனே, அது எங்க?" என்றாராம் அந்தப் பெண். அந்த நாலு வார்த்தைக்காகப் பக்கங்களை எல்லாம் மறுபடி அமைத்தேன்!

புத்தகம் வந்தது. வழக்கும் வந்தது. நீதிமன்றப் படியேறியே என் செருப்பு தேய்ந்தது. கடைசியில் இயந்திரத்தை மாற்றினார்கள். அந்தப் பெண்ணுக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. ஆசையாகச் சொல்ல ஓடினேன்.

"சரி, முன்னுரையில ஒரு எழுத்துப்பிழை இருக்கே, பார்த்தீங்களா?" என்றார்.

இப்படிப்பட்டவரை என்ன செய்வது!

இப்போது மருத்துவமனைச் சலவைக்கூடத்தைப் பற்றிய புத்தகத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். நோயாளிகளின் துணியைத் துவைக்கிறவர்களுக்கு நோய் வந்தால் யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியோடு நிற்கிறது. இது நியாயமா, அக்கா? பதிலை இனி யார் தேடுவது?

அவர் கணவரிடம் புலம்பினேன். "அவ இருந்தா, கேக்குறவரே போய்ப் பார்க்கட்டும்னு சொல்லியிருப்பா" என்றார்.

ஆகவே இந்த அவையில் உறுதி சொல்கிறேன். அந்தப் புத்தகம் வரும்! ஓர் அத்தியாயமும் குறையாமல் வரும்! சலவைக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள். முதுகுவலியோடு இந்த வயதில் எனக்கு இது தேவையா? போய்ப் பேசிவிட்டேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.