கங்கப்பன் பட்டு மாளிகையின் கரிநாட்கள்

பட்டுப்புடவை விற்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை கிடையாது. ஓசூரில் ஆலைகளுக்கெல்லாம் அன்றுதான் லீவு; ஆகவே எங்களுக்கு அன்றுதான் வேலை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை முதலாளி. நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குவதுதான் நியாயமாகப் பட்டது.

ஒன்பது வருடமாக நம் கடை மாடியில் முகூர்த்தப் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். மாதேசு புடவையை விரித்தால் பெண்வீட்டார் வெறுங்கையோடு எழுந்து போகமாட்டார்கள் என்று நீங்களே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாதது ஒன்றுதான். மத்திகிரியில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே மத்திகிரி லெவன் என்று ஒரு கால்பந்து அணி ஆடுகிறது. லேத் ஓட்டுகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள், ஒரு ஆட்டோ டிரைவர். கோலில் நிற்கிறவர் பண்ணையில் பால் கறப்பவர். பந்தையும் இரண்டு கையால் இதமாகத்தான் பிடிப்பார். முழங்கால் சரியில்லாததால் நான் ஆடுவதில்லை. ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று நான் கத்தினால்தான் அவர்களுக்குக் கால் ஓடும். இதை அவர்களே சொன்னார்கள்.

மூன்று வருடத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. அந்த ஏக்கம் தாளாமல்தான் 2006 தீபாவளி முடிந்த கையோடு உங்களிடம் வந்து, ஞாயிறு மட்டும் மூன்று மணிக்குப் போய்க்கொள்ளட்டுமா என்று கேட்டேன். நீங்கள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"ஏனப்பா மாதேசு, முகூர்த்தப் பொடவ எடுக்க வந்தவங்கள நிக்க வெச்சிட்டுப் பந்து பாக்கப் போறியா? பேடா சாமி, பேடா, அதெல்லாம் வேணாம். கரிநாள்ல கடையில ஈதான் ஓட்டிக்கிட்டிருப்போம். அன்னைக்கு வேணா போயிக்கோ."

இதை நீங்கள் கவனிக்கவேண்டும். நான் உங்கள் வார்த்தையை மீறவில்லை. கரிநாளில் போகலாம் என்று சொன்னவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் கரிநாளுக்கும் ஒத்துவராமல் இருந்தது; அந்த ஒரு குறையைத்தான் நான் சரிசெய்தேன்.

கார்த்திகையில் சிவகாசியிலிருந்து நம் கடைக் காலண்டரின் புரூஃப் வந்தது. மற்ற கடைக்காரர்கள் அட்டையில் மட்டும் பெயர் போட்டுக்கொள்வார்கள். நீங்கள் அப்படி அல்ல; தினமும் கிழிக்கும் ஒவ்வொரு தாளிலும் கடைப் பெயரும் ஒரு பழமொழியும் வரவேண்டும் என்று தனியாகவே அச்சடிக்கிறீர்கள். ஆனால் கண்ணாடி போட்டால் உங்களுக்குத் தலைவலி, போடாவிட்டால் எழுத்து தெரியாது. வருடா வருடம் அச்சுக்கு முன் பிழை பார்க்கவேண்டிய புரூஃபை என் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள்.

அதே வாரத்தில்தான் பாஸ்கரன் அண்ணன் தொழிலாளர் கோப்பைக்கான ஆட்ட அட்டவணையைக் கொடுத்தார். அவர் ஆலையில் ஃபோர்மேன், திருநெல்வேலிப் பக்கம். கோப்பையை நடத்தும் கமிட்டிக்குச் செயலாளர். தை முதல் ஞாயிறும் இரண்டாவது ஞாயிறும் எங்களுக்கு ஆட்டம். மூன்றாவது ஞாயிறு மைதானத்தில் மாடுகளுக்கு ஊசி போடும் முகாம், ஆட்டம் கிடையாது. பிறகு தை நாலாவது, மாசி முதல் ஞாயிறு. மாசி இரண்டாவது அரையிறுதி, மூன்றாவது இறுதி. எங்கள் அணி இறுதிக்குப் போகும் என்று கார்த்திகையிலேயே எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

இடது பக்கம் அட்டவணை, வலது பக்கம் புரூஃப், நடுவில் சிவப்புப் பேனா. அந்தந்த ஞாயிற்றின் தாளில் 'கரிநாள்' என்று எழுதி வட்டம் போட்டேன். அச்சகத்தார் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர்கள் மிகவும் ஒழுங்கானவர்கள், எழுதியதை எழுதியபடி அடித்தார்கள்.

இதனால் யாருக்கும் கெடுதல் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. கெட்ட நாளை நல்ல நாள் என்று எழுதினால் அது பாவம். நான் நல்ல நாளைத்தானே கெட்ட நாள் என்று எழுதினேன்.

மார்கழியில் ஓசூர் முழுவதும், அந்தப் பக்கம் வேப்பனப்பள்ளி வரை, நம் காலண்டர் சுவரேறியது. தை முதல் ஞாயிறு கடையில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. நீங்கள் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தீர்கள். பிறகு காலண்டரைப் பார்த்தீர்கள். "ஆயித்து, இன்னைக்கு அவ்வளவுதான். நீ கௌம்பு மாதேசு" என்றீர்கள். நான் போனேன். இரண்டுக்கு சூனியம் என்று ஜெயித்தோம். அன்று நான் கத்திய கத்தலில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தை விட்டுவிட்டு என்னையே திரும்பிப் பார்த்தான்.

ஊரில் சில சிறு தாமதங்கள் ஏற்பட்டன, மறைக்கவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் புது ஆட்டோவைச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தபடி நிறுத்தியிருந்தார். பழம் காய்ந்து நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. வேப்பனப்பள்ளியில் ஒரு மாந்தோப்புக் குடும்பம் புது வீட்டைக் கட்டிப் பூட்டிவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் வீங்கின கன்னத்தோடு பல்லைப் பிடுங்க மறுத்தார். இவையெல்லாம் தள்ளிப்போனவைதான், நின்றுபோனவை அல்ல.

பூங்கொடி விஷயத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. அவள் நாலு வருடமாகக் கீழே பில் போடுகிறாள். நான் மேலிருந்து சீட்டு எழுதி அனுப்புகிறேன். அவ்வளவுதான் பழக்கம். செவ்வாய்க்கிழமை அவள் வீட்டில் கொள்ளு ரசம் என்று எனக்குத் தெரியும் என்றால், அது எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதால் தெரிந்தது.

அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை துபாயில் வேலை செய்பவர். பன்னிரண்டு நாள் லீவில் வருவதாக இருந்தார். ஜோசியர் மூர்த்தி ஐப்பசியிலேயே பஞ்சாங்கம் பார்த்து, தை மூன்றாவது ஞாயிறு நிச்சயதார்த்தம் என்று குறித்துக் கொடுத்துவிட்டார். பிறகு நம் காலண்டர் வந்தது. பூங்கொடியின் அம்மா வெள்ளையம்மா தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஜோசியர் வீட்டுக்கு ஓடினார். நானும் துணைக்குப் போயிருந்தேன்.

"ஏனுங்க ஜோசியரே, கரிநாள்ல போயி நிச்சயம் குறிச்சிருக்கறீங்களே, இது அடுக்குமா?"

"எந்தப் பஞ்சாங்கத்துலயும் அப்பிடி இல்லீங்கம்மா."

"அப்ப அச்சுல வந்தது பொய்யிங்களா?"

ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். மாப்பிள்ளை வீட்டிலும் நம் காலண்டர்தான் தொங்கியது. இரண்டு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன், கடைச் சிப்பந்தி என்ற முறையில். நிச்சயம் தள்ளிப்போயிற்று. மாப்பிள்ளையின் லீவு தள்ளிப்போகவில்லை. எடுத்த எடுப்பிலேயே கரிநாள் குறுக்கே வந்த இடம் நமக்கு வேண்டாம் என்று அவர்கள் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளையம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. ஜோசியரிடம் அதற்குப் பிறகு ஒருவரும் ஜாதகத்தை நீட்டவில்லை. சரியான நாளைச் சொன்ன ஒரே மனிதர் போர்டைக் கழற்றி உள்ளே வைத்தார்.

பூங்கொடி வீங்கின கண்ணோடு வேலைக்கு வந்தாள். "எல்லாம் நேரம், பூங்கொடி" என்று ஆறுதல் சொன்னேன். மத்தியானம் சூடாக ஒரு மசால்வடை வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்.

அணி ஜெயித்துக்கொண்டே போயிற்று. அரையிறுதியும் முடிந்தது. எனக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. அப்போது பாஸ்கரன் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தார்.

"ஏல மாதேசு, அடுத்த ஞாயிறு கரிநாளாம்லா. நல்லவேள, வீட்டுல சொன்னா. கரிநாள்ல கோப்பைய வாங்குனா வெளங்குமா? பைனல ஒரு வாரம் தள்ளி வச்சாச்சு."

"பந்துக்கு ஏதுங்கண்ணா கரிநாளு?" என்றேன். குரல் பாதிதான் வந்தது.

"என்னல இப்படிச் சொல்லுத. இது ஒங்க கடைக் காலண்டர்தான?"

அடுத்த ஞாயிறு நீங்கள் வழக்கம்போல லீவு கொடுத்தீர்கள். மைதானத்துக்குப் போய் உட்கார்ந்தேன். கோல் கம்பத்துக்கு நடுவில் ஒரு எருமை நின்றுகொண்டிருந்தது. அரைமணி நேரம் அதையே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அதற்கடுத்த ஞாயிறு, அதாவது மாசி நாலாவது, என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஏழு வாரமாகத் தள்ளிப்போட்ட கல்யாணக்காரர்கள் அத்தனை பேரும் அன்று ஒன்றாகக் கடைக்குள் நுழைந்தார்கள். மாடிப்படியில்கூட உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரையும் கோபிக்கவில்லை. வேப்பனப்பள்ளி மாந்தோப்புக் குடும்பம் பத்தொன்பது பேராக வந்து என் முன்னால் ஜமக்காளத்தில் அமர்ந்தது. வீரலட்சுமி என்ற அம்மாள் எழுபதாவது புடவையையும் தள்ளிவிட்டு, "தம்பி, அந்த அரக்கு கலர மேல போட்டுக் காட்டு, முந்தி எப்பிடி விழுதுன்னு பாக்கலாம்" என்றார்.

மேலே போட்டுக் காட்டினேன். அப்போதுதான் தெருவில் தாரை தப்பட்டைச் சத்தம் கேட்டது. எங்கள் அணி கோப்பையோடு ஊர்வலமாக வந்துகொண்டிருந்தது. பால்கறக்கிறவரைத் தோளில் தூக்கியிருந்தார்கள். கடைசிப் பெனால்டியைப் பிடித்தவர் அவர்தானாம். நான் கண்ணாடிச் சன்னலுக்கு ஓடினேன், புடவையோடு. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். தப்பட்டை நின்றது. நான் கையசைத்தேன். முந்தி மிகவும் அழகாக விழுந்தது. வீரலட்சுமி அம்மாள் அதையே எடுத்துக்கொண்டார். மைதானத்தில் இப்போது என்னை மாதேசு என்று யாரும் கூப்பிடுவதில்லை, முகூர்த்தம் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

என் வாழ்நாளில் எங்கள் அணி வாங்கிய ஒரே கோப்பை அது. அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. இதைவிடப் பெரிய தண்டனையை நீங்கள் எனக்குக் கொடுத்துவிட முடியாது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜோசியர் மூர்த்தி இந்த வயதில் பஸ் ஏறிச் சிவகாசிக்கே போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நேற்று அவர் அந்தப் புரூஃபைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் விரித்தபோது, சிவப்பு மை இன்னும் பளிச்சென்று இருந்தது. நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டீர்கள். நான் எல்லாம் பந்துக்காகத்தான் என்று சொன்னேன். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு பாதி சிரித்தும்விட்டீர்கள். பூங்கொடிதான் சிரிக்கவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பில் போடுகிற பெண்.

"ஆட்டம் ஆறுதானுங்க, அண்ணா? வட்டம் ஏழு இருக்குதுங்களே."

அண்ணா என்றுதான் அவள் நாலு வருடமாகக் கூப்பிடுகிறாள். எனக்கு இன்னும் அது பழகவில்லை.

ஆறு வட்டத்துக்கு நான் முழுப் பொறுப்பு ஏற்கிறேன். ஜோசியரிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் போர்டை நானே மாட்டிக் கொடுக்கிறேன். தை மூன்றாவது ஞாயிறு மட்டும் கை தவறி விழுந்தது. அதன் அடியில் இரண்டு கோடு போட்டிருப்பதை நீங்கள் சுட்டிக்காட்டினீர்கள். ஒருமுறை தவறிய கை மூன்று முறை தவறக்கூடாதா.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த வருடக் காலண்டர் புரூஃபை வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பூங்கொடிக்கு மறுபடி வரன் பார்க்கிறார்களாம். இந்த முறை நானே பக்கத்தில் இருந்து, எந்தத் தவறும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.