முப்பத்திப்பத்து

ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணுவது பெரிய வித்தை இல்லை. என் மகள் மூன்று வயதிலேயே தடுமாறாமல் எண்ணினாள்.

மீன் பெட்டிகளை உறையவைக்கும் கிடங்கில் எனக்குப் பதினெட்டு வருட வேலை, ஐயா. புதிதாகச் சேரும் ஆளை முதல் நாள் குளிர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவோம். உள்ளேயிருந்து நூறு வரை உரக்க எண்ண வேண்டும். முடித்ததும் திறந்து, முதுகில் தட்டி, சூடாக டீ கொடுப்போம். என்னையும் அப்படித்தான் சேர்த்துக்கொண்டார்கள். அதில் வன்மம் கிடையாது.

நீங்கள் விசாரிக்கும் இவன் வேற்று மொழிக்காரன். என்னைவிட மூத்தவன், ஆனாலும் 'அவன்' என்றே பழகிவிட்டது. முப்பத்தொன்பதுக்கு அப்புறம் 'முப்பத்திப்பத்து' என்றான். விழுந்து விழுந்து சிரித்தோம். அதுவே அவனுக்குப் பெயராயிற்று. மற்றவர்களுக்கு ஒரே நாளில் சலித்துவிட்டது. நான் தினமும் ஒருமுறை கதவைச் சாத்தினேன்.

"போதும்ணே, பாவம்" என்றான் லோடு வண்டி ஓட்டுபவன்.

"உனக்கென்னடா? அவன் உன் மச்சானா?"

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

உள்ளே ஒரு குமிழ் உண்டு. அழுத்தினால் கதவு திறந்துகொள்ளும். அதைக் கழற்றி என் பெட்டியில் வைத்திருந்தேன். இல்லாவிட்டால் எண்ணாமலே வந்துவிடுவானே. உங்கள் அறைக் கதவிலும் உள்பக்கம் கைப்பிடி இல்லை, வந்ததுமே பார்த்தேன்.

இந்த வெறுப்பை யாரிடம் கற்றாய் என்று கேட்டீர்கள். யாரிடமும் இல்லை. பிறக்கும்போதே வருவது அது. சாட்சி என் வீட்டிலேயே இருக்கிறது. நேற்று என்னைப் பார்க்க வந்த மனைவி சொன்னாள். என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. தம்பியைத் துணி அலமாரிக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, "டேய் முப்பத்திப்பத்து, மொதல்லேர்ந்து எண்ணுடா" என்றாளாம். அவனுக்கு இரண்டு வயது. எண்ணத் தெரியாது, அழத்தான் தெரியும். என் மனைவி துணி மடித்துவைக்கப் போனதால் தப்பித்தான். நானா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்? வீட்டில் சாப்பிடும்போது, கிடங்கில் அவன் எண்ணுவதை நடித்துக் காட்டுவேன், அவ்வளவுதான். அவள்தான் அதிகம் சிரிப்பாள்.

அன்று கிடங்கில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவில் காதை வைத்தேன். முப்பத்தொன்பது என்றவன் சற்று நிறுத்தினான். பிறகு நாற்பது என்றான். நாற்பத்தொன்று. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு பிசகும் இல்லை.

"நூறுண்ணே" என்றான். குரலில் சிரிப்பு இருந்தது.

திறந்தால் அவனும் எங்களில் ஒருவன். முதுகில் தட்ட வேண்டும், டீ கொடுக்க வேண்டும்.

"தப்பு. மொதல்லேர்ந்து எண்ணு" என்றேன்.

சாப்பிடப் போனேன். கேட்டவர்களிடம் அவன் அப்போதே வீட்டுக்குப் போய்விட்டான் என்றேன். மாலையில் திறந்தபோது கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சாய்ந்தபடியே வெளியே விழுந்தான்.

ஒரே ஒரு உதவி, ஐயா. பிள்ளையை அடிக்க வேண்டாம் என்று என் மனைவியிடம் சொல்லுங்கள். கூடப் பிறந்த குணத்துக்குக் குழந்தை என்ன செய்யும்? அலமாரிச் சாவியை மட்டும் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.