தலைவர் வைக்க வேண்டிய பெயர்

கேளம்பாக்கத்தில் பேருந்து பதினான்கு நிமிடம் நின்றது. எனக்கு முன் இருக்கையில் கட்சிக் கரைவேட்டி கட்டிய ஒருவர், அவர் மனைவி, அவள் மடியில் பெண் குழந்தை.

“தலைவர் ராஜினாமா பண்ணிட்டா நம்ம பாப்பாவுக்குப் பேரே இல்லாம பூடும்டி” என்றார் அவர்.

நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“இப்ப மட்டும் பேரு இருக்குதா? மேடையில தலைவர் கையில குடுத்துதான் வெக்கணும்னு பத்து மாசமா காத்துகினு கீற. அவரு வந்தாரா?”

“தேர்தல்ல தோத்த பேஜாருல கீறாரு. கட்சியிலயே பாதிப் பேரு அவரப் பதவிய வுட்டு இறங்கச் சொல்றானுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

“மூணு தபா தோத்துட்டாருய்யா. வேற யாராவது நின்னு கெலிக்கட்டுமே.”

“அப்போ பேரு?”

“அவரு சும்மா இருந்தா நேரா வூட்டுக்கே போலாம். கேட்டாண்ட தள்ளிவுட ஆளு இருக்காது.”

பேருந்து ஆறு நிறுத்தங்கள் தாண்டிக் கோவளம் வந்தது. பிறகு, “சரி, இறங்கட்டும். பாவம், அவரும் கொஞ்சம் தூங்கட்டும். அதுவரைக்கும் இத இன்னான்னு கூப்புடறது?” என்றார்.

“மலர்னு கூப்டு பாரேன்.”

“மலரு” என்றார் கூச்சத்தோடு. குழந்தை சட்டென்று திரும்பிச் சிரித்தது.

அவர் மனைவியை முறைத்தார். “எத்தினி நாளாடி?”

“பத்து மாசமா.”

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திருவிடந்தையில் இறங்குவதற்குள் பதினோரு முறை கூப்பிட்டார். பதினோரு முறையும் குழந்தை திரும்பிப் பார்த்தது.